கொடி தெரியும் தூரம்

முந்திரிக்காட்டு ஓரத்தில் விடியும் முன்பே ஒரே கூச்சல்! சங்குப் பாறைக்கு நடைப்பயணம் கிளம்புகிறார்கள்!

சங்கு போல வளைந்து கடற்கரையில் நிற்கும் பாறை அது. அதில் ஓர் அம்மை குடியிருக்கிறாள் என்பது காட்டு விலங்குகளின் நம்பிக்கை. வருடம் தவறாமல் நடந்தே போவார்கள். பாறையில் நெற்றி வைத்துக் கும்பிட்டு, அலையில் கால் நனைத்துத் திரும்புவார்கள்.

கூட்டத்துக்குத் தலைவன் சவரி என்ற கீரி. சோளக்கொல்லைப் பொம்மையிலிருந்து கழற்றிய நீலத்துணியை ஒரு குச்சியில் கட்டி, கொடியாகத் தூக்கிப் பிடித்திருந்தான். ஒரு கல்லின் மேல் ஏறி நின்று கத்தினான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! கொடியைப் பார்க்க முடிகிற இடத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது! இது கொடி விரதம்! மீறினவனை எந்தக் காட்டிலும் சேர்க்க மாட்டாங்க, எந்தக் குளத்திலும் தண்ணி குடிக்க விடமாட்டாங்க!"

"கொடி கண்ணில் படாத இடத்தில்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அங்கே அவரவர் பாடு!" என்றான் சவரி.

அதைக் கேட்டதும் கல்லுக்குக் கீழே நின்ற பிலோமி இன்னும் ஒடுங்கிக்கொண்டாள். பிலோமி ஒரு வெள்ளெலி. சின்ன வயதுத் தாய். அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். இலை விழுந்தால் பயம். விழாவிட்டால் ஏன் இன்னும் விழவில்லை என்று பயம். இப்போது கீரியின் பல் அவள் தலைக்கு நேர் மேலே பளபளத்தது. கொடி மட்டும் இல்லாவிட்டால் அந்தப் பல்லுக்கு அவள் ஒரு வாய்!

ஆனாலும் வந்துவிட்டாள். காரணம் அவள் முதுகில் தொங்கிய துணித் தொட்டிலில் இருந்தது. அவள் பிள்ளை லூர்து! மழைக்காலத்தில் அவனுக்குக் கடும் காய்ச்சல். கண் திறக்காமல் கிடந்தான். அப்போது பிலோமி கடல் இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள்.

"பிள்ளையைப் பிழைக்க வை தாயே! இவனைத் தூக்கிக்கிட்டு நடந்தே வர்றேன். எவ்வளவு வலிச்சாலும் வழியில ஒரு முனகல்கூட முனக மாட்டேன்!"

லூர்து பிழைத்தான். இப்போது தொட்டிலிலிருந்து தலையை நீட்டி, "அம்மா! கீரி மாமாவுக்கு எத்தனை பல்லு!" என்று வியந்துகொண்டிருந்தான்.

"உஷ்! எண்ணாதே!" என்றாள் பிலோமி.

அப்போது ஒரு கௌதாரி குடுகுடுவென்று ஓடி வந்தது. அவள் பெயர் ரோசாலி. சிறகு இருந்தும் பறக்காமல் நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டவள். ஒவ்வொரு வருடமும் நடப்பவள். வாய் ஓயாதவள்!

"அடியே பிலோமி! அது என்ன மூட்டை? ஊரைக் காலி பண்ணிட்டு வர்றியா?"

"கொஞ்சம் கம்பு, கொஞ்சம் சோளம், குளிர்ந்தா போர்த்த பஞ்சு, பிள்ளைக்கு ஒரு மாத்துத் தொட்டில், அப்புறம் அந்தத் தொட்டில் கிழிஞ்சா இன்னொன்னு..."

"பிள்ளையே ஒரு மூட்டை! அதுக்கு மேல மூட்டையா? இறக்கு, இறக்கு!" ரோசாலி அலகால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். "இப்போ பஞ்சு மாதிரி இருக்கறது மத்தியானம் பாறாங்கல்லா கனக்கும்! வழியில தீனிக்குப் பஞ்சமில்லை. பாதி வயிறு சாப்பிடு. தாகம் எடுக்கும் முன்னாடி ஒரு வாய் தண்ணி குடி. அப்புறம் இதைக் கேட்டுக்கோ, இதுதான் முக்கியம். நடக்கற நாள்ல காலைச் சுடுதண்ணியில ஊற வைக்காதே! தோல் இளகிப் போகும். மறுபடி நடந்தா கொப்புளம்! உள்ளங்கால் லேசா எரிஞ்சாக்கூட அப்பவே நின்னு இலை வெச்சுக் கட்டணும். 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு நடந்தே, அவ்வளவுதான்!"

"சரிக்கா, சரிக்கா!" என்று தலையாட்டினாள் பிலோமி. பயத்தில் பாதி காதில் விழவில்லை.

"சங்குப் பாறை அம்மையே!" என்று சவரி கத்தினான்.

"துணையிரு தாயே!" என்று கூட்டம் முழுவதும் கத்தியது.

கிளம்பிவிட்டார்கள்!

ஆகா, அந்த நடை! வாழைத்தோப்பு வழியாக, வாய்க்கால் கரை வழியாக, பனங்காட்டு மணல் வழியாக! முன்னால் நீலக்கொடி படபடக்கும். பின்னால் மான், முயல், ஓணான், பெருச்சாளி என்று நீண்ட வரிசை. பாம்பும் தவளையும் பக்கத்தில் பக்கத்தில் போயின! பிலோமி கொடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொடி தெரிந்தது. உயிர் இருந்தது. முதல் நாள் முடிந்தபோது அவளுக்கே ஆச்சரியம்!

மறுநாள் காலை பனங்காடு முடியும் இடத்தில் ஒரு பெரிய பந்தல் தெரிந்தது. ஓலைக்கூரை, மாவிலைத் தோரணம், பானைகளில் கொதிக்கும் தண்ணீர், இலை நிறையப் புளிச்சோறு! வாசலில் ஒரு குள்ளநரி கைகூப்பி நின்றது.

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

"வாங்க, வாங்க! ஏன் நின்னுட்டீங்க? அம்மையைக் கும்பிட நடக்கிற காலை நான் கும்பிடறேன்!" என்று நரி குனிந்தது. "எல்லாம் இலவசம்! சோறு இலவசம்! சுடுதண்ணி இலவசம்! காலுக்கு எண்ணெய் இலவசம்! இந்தக் கொடி தெரியற வரைக்கும் நான் உங்க அடிமை!"

அது ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கொடி தெரியும் வரைக்கும்தான் அடிமை! ஆனால் அந்த வார்த்தையை யார் கவனித்தார்கள்? எல்லாருடைய மூக்கும் புளிச்சோற்றின் மேல் இருந்தது.

சவரிக்கு மட்டும் அவசரம். "சீக்கிரம்! போன வருசம் தெற்குக்காட்டுக் கூட்டம் நமக்கு முன்னாடி போய்ச் சேர்ந்து கேலி பண்ணினாங்க! இந்த வருசம் நாமதான் முதல்ல!"

ரோசாலி நாலு பருக்கை கொத்திவிட்டு ஓரமாக நின்றாள். மிக்கேல் என்ற பெருச்சாளியோ இலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, போதும்! நடக்கணும்!" என்றாள் ரோசாலி.

"நீ நட தாயே! இந்தச் சோறு நடக்காதே, நான்தான் அதுகிட்டப் போகணும்!" என்றான் மிக்கேல், வாய் நிறைய.

நரி பிலோமியிடம் வந்தது. முகத்தில் அப்படியொரு கனிவு!

"தங்கச்சி, கைப்பிள்ளையோடவா நடக்கிற? அடடா! காலைக் காட்டு. என்ன இது, இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு! வா, இந்தத் தொட்டியில கொஞ்ச நேரம் வை."

ரோசாலி சொன்னது பிலோமிக்கு ஞாபகம் வந்தது. ஆனால் தொட்டியிலிருந்து வெதுவெதுப்பான ஆவி எழுந்தது. முதுகு வலித்தது. பிள்ளை கனத்தான்.

'ஒரு நிமிசம்தானே!' என்று நினைத்துக் காலை வைத்தாள்.

சொர்க்கம்! நரி தன் முன்னங்கால்கள் இரண்டையும் சுடுதண்ணீரில் முக்கி முக்கி அவள் பாதத்தைத் தேய்த்துவிட்டது. கூட்டம் வந்ததிலிருந்து இதே வேலைதான் அதற்கு. முயலுக்குத் தேய்த்தது, ஓணானுக்குத் தேய்த்தது. அதன் கைகளும் ஊறி ஊறி வெளுத்துப்போயிருந்தன. பிலோமி அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது சவரி கிளம்பச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அவள் பாதம் ஊறவைத்த கடலை போல மெத்தென்று இருந்தது.

"போய் வா தங்கச்சி!" என்றது நரி. "மெதுவா நட. அவசரமே இல்லை!"

பந்தலைத் தாண்டியதும் பூமி மாறியது. மரமில்லாத உப்புமண் பொட்டல்! மேலே வெயில். கீழே காய்ந்து வெடித்த மண், கண்ணாடித் தூள் மாதிரி. கொஞ்ச தூரத்திலேயே பிலோமியின் உள்ளங்கால் எரியத் தொடங்கியது.

ரோசாலி வரிசையோடு பின்னோக்கி ஓடி வந்து ஒவ்வொருவரையும் விசாரித்தாள்.

"பிலோமி! கால் எப்படி இருக்கு?"

முனக மாட்டேன் என்று வேண்டிக்கொண்டவள் அல்லவா? முனகினால் வேண்டுதல் கெட்டுவிடும். வேண்டுதல் கெட்டால் காய்ச்சல் திரும்ப வரும். இதுதான் அவள் பயம்!

"நல்லா இருக்குக்கா!" என்று சிரித்தாள்.

"முகம் ஏன் இப்படிச் சுருங்கியிருக்கு?"

"வெயிலுக்கா!"

ரோசாலி நம்பிவிட்டாள். முன்னால் ஓடினாள்.

எரிச்சல் கொப்புளமாயிற்று. ஒரு கொப்புளம் இரண்டாயிற்று. பிலோமி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். முயல்கள் தாண்டிப் போயின. ஓணான்கள் தாண்டிப் போயின. சோற்று மயக்கத்தில் தள்ளாடித் தள்ளாடி மிக்கேல்கூடத் தாண்டிப் போனான்! நிழல் நீண்டது. கடல்காற்று வீச ஆரம்பித்தது. பிலோமி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கொடியைக் காணோம்!

நாலா பக்கமும் பார்த்தாள். பொட்டல், பொட்டல், பொட்டல். பின்னால் மட்டும் ஒரு சின்னப் புழுதி.

"அம்மா! நரி மாமா வர்றாரு! ஏன் நொண்டறாரு?" என்றான் லூர்து.

நரிதான்! உப்புமண்ணில் மெல்ல மெல்லக் காலை வைத்து, நாக்கால் உதட்டைத் தடவியபடி வந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி! இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவட்டுமா?"

"அண்ணே! நீங்க எங்களுக்கு அடிமைன்னு சொன்னீங்களே!"

"கொடி தெரியற வரைக்கும்னு சொன்னேன். தெரியுதா?" நரி சிரித்தது. "நான் ஒரு வார்த்தையும் மீறல. வருசா வருசம் வேற வேற இடத்தில பந்தல் போடறேன். வருசா வருசம் ரெண்டு மூணு பேர் பின்தங்கறாங்க. என்ன செய்ய? அவரவர் பாடு!"

பிலோமி சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் ஆளுயரக் கரையான்புற்று ஒன்று நின்றது. யோசிக்கவே இல்லை. கொப்புளக் காலோடு ஏறினாள்! ஒவ்வொரு பிடியிலும் உயிர் போய் வந்தது. உச்சிக்கு வந்தாள். கடல் பக்கம் பார்த்தாள்.

தூரத்தில், கடுகளவு, ஒரு நீலப் புள்ளி!

"தெரியுது!" என்று கூவினாள். "நரியண்ணே! கொடி தெரியுது!"

"எனக்குத் தெரியலையே! எனக்குத் தெரியாவிட்டால் போதும்."

"எப்படிப் போதும்? கொடியைப் பார்க்க முடிகிற இடத்தில் தின்னக் கூடாதுன்னுதானே விரதம்? நான் நிக்கிற இடத்திலிருந்து பார்க்க முடியுது! என்னைத் தின்னணும்னா நீங்க இங்கேதானே வரணும்?"

நரி புற்றை அண்ணாந்து பார்த்தது. இப்படி ஒரு வெள்ளெலி பேசி அது கேட்டதே இல்லை!

"பொய் சொல்ற! நானே பார்க்கறேன்!"

நரி புற்றின் மேல் முன்னங்காலை வைத்தது. "ஆ!" என்றது. சுடுதண்ணீரில் ஊறிய காலுக்குச் சொரசொரப்பான புற்று முள்ளாய்க் குத்தியது. எப்படியோ தட்டுத்தடுமாறி ஏறி வந்து பிலோமிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. நீலப் புள்ளியைப் பார்த்தது.

"சே!"

"தெரியுதா?"

"தெரியுது, தெரியுது!" என்று உறுமியது நரி. பிறகு மறுபடி சிரித்தது. "பரவாயில்லை. அவங்க நடந்துக்கிட்டேதானே இருக்காங்க? அதோ மணல்மேடு. அதைத் தாண்டினதும் கொடி மறைஞ்சிடும். நான் காத்திருக்கேன்!"

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்த்தார்கள். புள்ளி மணல்மேட்டின் அடியைத் தொட்டது. மேலே ஏறியது.

"நரி மாமா, உங்க வாயிலிருந்து தண்ணி ஒழுகுது!" என்றான் லூர்து.

"தெரியும்டா செல்லம்!" என்றது நரி.

புள்ளி மேட்டின் உச்சிக்கு வந்துவிட்டது. பிலோமி வாயைத் திறந்தாள். கத்த வேண்டும்! கால் போய்விட்டது, என்னால் நடக்க முடியவில்லை என்று கத்த வேண்டும்! ஆனால் வேண்டுதல்? ஒரு முனகல்கூடக் கூடாது என்ற வேண்டுதல்? காய்ச்சல் திரும்பி வந்துவிட்டால்?

முதுகில் லூர்து அசைந்தான். அவன் சின்ன இதயம் அவள் முதுகெலும்பில் டொக்டொக்கென்று இடித்தது.

'தாயே! நீயும் ஒரு தாய்தானே! புரிஞ்சுக்கோ!'

பிலோமி கத்தினாள். பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த பயத்தையெல்லாம் ஒரே குரலாக்கிக் கத்தினாள்.

"என் கால் போச்சு! வலிக்குது! என்னால நடக்க முடியல! யாராவது வாங்க!"

வெள்ளெலியின் குரல் எவ்வளவு தூரம் போகும்? பாதிப் பொட்டல்கூடத் தாண்டாது. ஆனால் பாதிப் பொட்டலில்தான், தின்ற சோறு அமுக்க, மல்லாந்து கிடந்தான் மிக்கேல்! அவன் காதில் விழுந்தது. அவன் தொண்டை பானைத் தொண்டை!

"ஏய்! நில்லுங்க! பிலோமிக்குக் கால் போச்சாம்! என்னாலயும் முடியல! வயித்தைக் கலக்குது! யாராவது வாங்க!"

மணல்மேட்டின் மேல் புள்ளி நின்றது.

"யாரோ கத்தறாங்க!" என்றாள் ரோசாலி.

"மேட்டைத் தாண்டிட்டுப் பார்ப்போம். தெற்குக்காட்டுக் கூட்டம்..." என்று சவரி இழுத்தான். கொடி மறுபக்கம் இறங்கியது.

"மறைஞ்சிடுச்சு!" என்று நரி துள்ளி எழுந்தது.

அதே நொடியில் ரோசாலி சவரியின் கையிலிருந்த கொடியை அலகால் கவ்வி இழுத்தாள். துணி குச்சியிலிருந்து பிய்ந்து வந்தது. சிறகை விரித்தாள். விர்ரென்று மேலே எழும்பினாள்!

"ரோசாலி! உன் நேர்த்திக்கடன்!" என்று சவரி அலறினான்.

அலகில் துணி இருந்ததால் ரோசாலி பதில் சொல்லவில்லை. அது அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவை!

"தெரியுது!" என்று கூவினாள் பிலோமி. நரி உட்கார்ந்துவிட்டது.

ஆனால் கௌதாரிக்கு நெடுநேரம் பறக்க வராது. கொஞ்சம் எழும்பும், தாழும். நீலம் கீழே இறங்கி மறைந்தது.

"இப்போ தெரியல!" என்று நரி பாய எழுந்தது. முன்னங்காலை அழுத்தி ஊன்றியது. பட்டென்று கொப்புளம் உடைந்தது! "ஐயோ!" என்று உட்கார்ந்தது.

நீலம் எழும்பியது. "தெரியுது!"

தாழ்ந்தது. "தெரியல!" நரி இன்னொரு காலை ஊன்றியது. பட்! "ஐயையோ!"

எழும்பியது! தாழ்ந்தது! எழும்பியது! ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்டத்தில்! அதன் பின்னால் புழுதி கிளம்பியது. மானும் முயலும் ஓணானும் சவரியும் ஓடோடி வந்தார்கள். மிக்கேலை இரண்டு மான்கள் உருட்டிக்கொண்டு வந்தன!

நரி மூன்று காலில் நிற்கப் பார்த்தது. பிறகு இரண்டு காலில் நிற்கப் பார்த்தது. கடைசியில் புற்றிலிருந்து உருண்டு கீழே விழுந்தது.

"நரியண்ணே!" என்று மேலிருந்து பிலோமி கூப்பிட்டாள். "உடைஞ்ச தோலைப் பிய்க்காதீங்க! இலை வெச்சுக் கட்டுங்க! மறந்தும் சுடுதண்ணியில வைக்காதீங்க!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் பொட்டலே அதிர்ந்தது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு, பந்தல் இருந்த திசையில் நொண்டி நொண்டிப் போயிற்று.

ரோசாலி மூச்சிரைக்க வந்து இறங்கினாள். துணியைத் துப்பினாள். உடனே ஆரம்பித்தாள்.

"ஏண்டி பாவி! கேட்டேன் இல்ல? கால் எப்படின்னு கேட்டேன் இல்ல? 'நல்லா இருக்குக்கா!' வெயிலாம் வெயில்!"

"முனக மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன்க்கா," என்று பிலோமி அழுதாள். "இப்போ கத்திட்டேன். என் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?"

"நடந்து வான்னுதானே அம்மை நினைப்பா? ஊமையா வான்னா நினைப்பா? நானும்தான் பறந்துட்டேன். அதுக்கென்ன, அடுத்த வருசம் திரும்ப நடக்கறேன்! காலை நீட்டு!"

ரோசாலி எருக்கிலையை வைத்து, நார் கொண்டு கட்டினாள். சவரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"தெற்குக்காட்டுக் கூட்டம் போய்ச் சேர்ந்திருக்கும்," என்றான் மெதுவாக.

சவரி குனிந்து நீலத்துணியை எடுத்தான். புழுதியை உதறினான். அதைக் குச்சியில் கட்டவில்லை. பிலோமியிடம் நீட்டினான்.

"நீ பிடி தங்கச்சி. நீ முன்னால நட. உன் கால் எவ்வளவு வேகம் போகுதோ, அதுதான் இனி நம்ம வேகம். எரிஞ்சா சொல்லு, எல்லாரும் நிப்போம்."

"அடிக்கடி எரியுமே அண்ணே!"

"அடிக்கடி நிப்போம்!"

அப்படித்தான் போனார்கள். பிலோமி "எரியுது!" என்பாள், கூட்டம் முழுவதும் உட்காரும். முயல் "எனக்கும்தான்!" என்று காலை நீட்டும். "எனக்கு ரொம்ப நேரமா!" என்று மான் ஒப்புக்கொள்ளும். யாருக்குத்தான் வலிக்கவில்லை! அதன்பின் ஒருவர்கூடப் பின்தங்கவில்லை.

சங்குப் பாறையில் தெற்குக்காட்டுக் கூட்டம் கும்பிட்டு முடித்து, கேலி செய்யக் காத்திருந்தது. ஆனால் கொடி பிடித்து முதலில் வந்தது ஒரு நொண்டி வெள்ளெலி! பின்னால் ஒரு தலைகூடக் குறையாத வரிசை! தெற்குக்காட்டார் திரும்பித் தங்கள் வரிசையைப் பார்த்தார்கள். அதில் சில இடங்கள் காலியாக இருந்தன. அவர்கள் வாயிலிருந்து கேலி வரவில்லை.

பிலோமி அலையில் லூர்துவின் காலை நனைத்தாள். அவன் வீலென்று கத்தினான். "குளிருதும்மா! குளிருது!"

"கத்துடா கண்ணு, நல்லாக் கத்து!" என்று பிலோமி அவனை அள்ளிக்கொண்டாள்.

நெடுவழி நடக்கும்போது வலியை மறைப்பது பக்தியும் அல்ல, துணிச்சலும் அல்ல. உள்ளங்கால் எரியத் தொடங்கியதுமே கூட வருபவரிடம் சொல்லிவிடுகிறவரே போய்ச் சேருவார்.